ஏழு தடவை வீடு மாறியவர்

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பஜோல் என்ற தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று இருக்கிறது. உக்ரைனில் போர் தொடங்கியபோது அதன் கீழ்மாடியில் மேசை போட்டு, வந்த அகதிகளுக்குப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு எந்த நாட்டவர் போனாலும் எழுதினார்கள். சனிக்கிழமை அவர்களுடைய மத ஓய்வுநாள், பேனாவும் தொடமாட்டார்கள். அதனால் ஞாயிறு.

வன்னியிலிருந்து வந்த ஒரு பெண்ணை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. அதுவும் தவறினால் திருப்பி அனுப்பலாம். முதல் வாக்குமூலத்தைப் பிரெஞ்சில் எழுதியவன் நான். உணவகச் சமையற்கட்டில் பழகிய பிரெஞ்சுதான், இருந்தாலும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

மேசையில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் இவர் ஏழு தடவை வீடு மாறினார்? வாடகை கூடவா?"

எங்கள் சனம் 'இடம்பெயர்ந்தோம்' என்பதை, சாப்பிட்டோம் என்பதுபோலச் சொல்லும். இந்தப் பெண் அப்படிச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் நான் 'டெமெனாஜே' என்று எழுதியிருந்தேன். வான் பிடித்து, அலுமாரி ஏற்றிப் போகிறவர்களுக்கு உரிய சொல் அது.

"என்னவாம் அண்ணை?" என்றார் அந்தப் பெண்.

"வாடகை கூடவோ எண்டு கேக்கிறா."

"ஷெல் அடிக்கிறவன் வாடகை கேக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். ஆசிரியை சிரிக்கவில்லை. "என் அம்மாவும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தை 'நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தபோது' என்றுதான் சொல்வார். யாருக்குப் பயந்து என்று கேட்க எங்களுக்கு முப்பது வருடம் எடுத்தது. உங்களுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது." புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

ஒவ்வொரு தடவைக்கும் இரண்டே கேள்வி. எத்தனை பேர் புறப்பட்டீர்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தீர்கள்? எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

"முதல் தடவை ஆறு பேர் வெளிக்கிட்டனாங்கள். ஆறு பேரும் போய்ச் சேந்தனாங்கள்," என்றார். மூன்றாவது தடவை ஐந்து பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஏழாவதுக்கு வந்தபோது, "நானும் மகளும்," என்றார். ஆசிரியை அதை எழுதி, தாளைத் திருப்பி அவரிடமே காட்டினார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல மாதம் கழித்து மேன்முறையீட்டு முடிவுக் கடிதம் வந்தது. நான் வாசித்து, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றேன்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. உங்கட பிரெஞ்சு எனக்குத் தெரியும்தானே."

ஆசிரியையிடம் கொண்டுபோனோம். அவரும் அப்படித்தான் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் அழுதார்.