ஜன்னல் திட்டில் ஒரு தக்காளி

அந்தத் தெருவில் யார் வீட்டுப் பால் அடிபிடிக்கிறது என்பது அந்த வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்பே பெயிண்டர் மனைவிக்குத் தெரிந்துவிடும். மாடி ஜன்னலில் இருந்து தலையை நீட்டி, "அடியேய், அடுப்பப் பாருடி" என்று ஒரு குரல் கொடுப்பாள். கீழ்வீட்டுத் தையல்காரி மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பால் அப்போதுதான் பாத்திரத்தோடு சண்டைக்கு நிற்கும். இப்படியே அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டால் முறைப்பாள். ஆனால் யாராவது அப்படிக் கூப்பிடாமல் விட்டால் அன்றைக்கு ஏதோ குறைந்தது போல இருக்கும் அவளுக்கு.

காலை வேளையில் தெருமுனைக் காய்கறிக் கடையில் அவளுக்கு வேலை. மூட்டையைப் பிரித்துக் கொட்டி, தேறுவதையும் தேறாததையும் பிரிக்க வேண்டும். ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்குள் ஒன்றே ஒன்று அழுகியிருந்தாலும், மூட்டையின் வாயைத் திறந்த உடனே, "உள்ள ஒண்ணு செத்துக் கெடக்கு" என்பாள். கடைக்காரர் கையை விட்டுத் துழாவினால் அது வந்துவிடும்.

சமையலும் மூக்கால்தான். கரண்டியில் எடுத்து வாயில் விட்டு ருசி பார்க்கும் பழக்கமே கிடையாது. மூடியைத் தூக்குவாள், ஒரு இழுப்பு இழுப்பாள், மூடிவிடுவாள். உப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ருசி பார்த்துச் சமைக்கிறவர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய மரியாதை இல்லை. "நக்கிப் பாத்து சமைக்கறதுக்கு நாய் போதாதா" என்று ஒருமுறை தையல்காரியிடம் சொல்லி, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

அவளுக்கு உயிர் என்றால் பூசணிக்காய். தோலைச் சீவக் கூடாது. கையளவு துண்டுகளாகப் பிளந்து, உப்பும் எண்ணெயும் தடவி, கனத்த பாத்திரத்தில் தோல் கீழே இருக்கும்படி அடுக்கி, மூடி போட்டு, சின்னத் தீயில் விட்டுவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு கூடாது. முதலில் நனைந்த மரம் போல ஒரு வாசனை வரும். அப்புறம் எதுவும் இருக்காது. அவசரக்காரர்கள் அந்த இடத்தில்தான் மூடியைத் திறந்து கெடுப்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் தேன் காய்கிற மாதிரி ஒன்று கிளம்பி வரும். அந்த நேரம் அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பூனால் தோலில் இருந்து சுரண்டி, நின்றபடியே தின்பாள்.

அவள் புருஷன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். பேச்சு குறைவு. எதைப் போட்டாலும், "நல்லா இருக்கு." பூசணிக்காய்க்கும் அதுதான், வேகாத பட்டாணிக்கும் அதுதான். "எல்லா செவுத்துக்கும் ஒரே டப்பாவா" என்று அவள் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவி வைப்பார்.

ஆனால் அந்த மனுஷன் சாப்பிடுகிற லட்சணம் அவளுக்குப் புரிந்ததே இல்லை. கேரட்டை நறுக்கக் கூடாது. முழுசாகக் கொடுத்தால் கடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். பீன்ஸைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும், பல்லில் கீச்சென்று கத்த வேண்டும். உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டு, கை பொறுக்காத சூட்டிலேயே இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கி உடைப்பார். மேலே தூள் உப்பு ஆகாது, கல் உப்புதான். வெள்ளரிக்காயைக் காலையிலேயே பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தக்காளி. ஜன்னல் திட்டில் வெயில் விழுகிற இடத்தில் ஒரு தக்காளியை வைத்துவிட்டுப் போவார். மத்தியானம் வந்ததும் முதல் வேலை அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, கடித்து, முழங்கை வரை வடிய வடிய உறிஞ்சுவதுதான்.

"இங்க ஒருத்தி அடுப்பு முன்னாடி நின்னு வேகறா. அய்யா ஆடு மாதிரி பச்சையா மேயறாரு" என்பாள். தன் சமையலைக் குத்திக்காட்டத்தான் இப்படிச் செய்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு முள் அவளுக்கு.

மழை பிடித்த சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்து அவளைப் படுக்கப் போட்டது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழுந்து வந்து எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டாள். சத்தம் கேட்டது, நிறம் மாறியது. வேறு எதுவும் வரவில்லை. குனிந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். கண்தான் எரிந்தது. மஞ்சள் பொடி டப்பா, சோப்பு, மண்ணெண்ணெய் பாட்டில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் சத்தத்தை அணைத்து வைத்த டிவி மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். "வரலாம், மாசக்கணக்காகலாம், சில பேருக்கு வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்க" என்றார் அவர். இதைச் சொல்ல எதுக்குப் படித்தார் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

கடையில் சமாளித்தாள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அழுகலைப் பிரித்தாள். வீட்டில் அளவு பார்த்து உப்பு போட்டாள். ஆனால் சாப்பிடத்தான் முடியவில்லை. வாயில் வைத்தால் நனைந்த காகிதத்தை மெல்லுவது போல இருந்தது. பூசணிக்காய் கூட. தட்டில் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது.

"என்னக்கா, ரெண்டாவது தடவை புடிச்சுக் குடுக்கறேன். டயட்டா?" என்றாள் தையல்காரி, வாயில் ஊசியைக் கவ்வியபடி.

"ஆமாடி. அழகிப் போட்டிக்குப் பேரு குடுத்திருக்கேன். தைக்கற வேலையப் பாரு."

வாசனை முழுசாகப் போய்விடவில்லை. அது மத்தியானத் தூக்கத்தில் வந்தது. கனவில் காய்கறிக் கடை எப்போதும் விடிகிற வெளிச்சத்தில் இருக்கும். மூட்டைகள் மெதுவாக மூச்சு விடும். ஒரு பெரிய பூசணிக்காயில் கதவு திறந்திருக்கும். அவள் குனிந்து உள்ளே போவாள். உள்ளே சுவரெல்லாம் மஞ்சள், தொட்டால் இளஞ்சூடு. அவள் புருஷன் ஏணியில் நின்று அந்த மஞ்சளுக்கு மேல் இன்னொரு மஞ்சளைப் பூசிக்கொண்டிருப்பார். பிரஷ் போகிற இடமெல்லாம் தேன் காய்கிற வாசனை கிளம்பும். அவள் நடுவில் நின்று நெஞ்சு நிறைய இழுப்பாள். கண்ணைத் திறந்ததும், சூடான தட்டில் இருந்து ஆவி போகிற மாதிரி அது போய்விடும். பாத்திரம் கழுவியதும் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். சாப்பாட்டை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் இருந்தே மழை. ஈரத்தில் சுவர் காயாது என்பதால் பெயிண்டருக்கு வேலை இல்லை. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்துபோன பிரஷ்களைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் பூசணிக்காயைப் பிளந்து அடுப்பில் ஏற்றினாள். தின்பதற்காக இல்லை, அந்தச் சின்னச் சின்னப் பொரியும் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டு படுக்கலாம் என்றுதான். "அடுப்புல இருக்கு, பாத்துக்குங்க" என்றாள். "ம்" என்றார். மழைச் சத்தமும் பொரிகிற சத்தமும் ஒன்றாகக் கலந்து அவளை இழுத்துக்கொண்டு போயின.

பூசணிக்காய்க்குள் அன்றைக்கு மூட்டமாக இருந்தது. ஏணி கண்ணுக்குத் தெரிந்தது, அதில் நின்ற ஆள் தெரியவில்லை. மஞ்சள் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். மூச்சை இழுத்தாள். எதுவும் வரவில்லை. கனவிலேயும் போய்விட்டதா என்று அவள் திகைத்து நின்றபோது யாரோ சுவரை இடித்தார்கள்.

இடித்தது தையல்காரி, வீட்டுக் கதவை.

"அக்கா! உள்ள என்னதான் பண்றீங்க? தெருவே நாறுது!"

எழுந்து பார்த்தால் வீடு முழுக்கப் புகை. பெயிண்டர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி, அப்போதும் பிரஷைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தையல்காரி உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், தோளில் கிடந்த துணியை எடுத்து விசிறினாள். புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூக்குக்காரி வீட்டுக் கருகலை நான் வந்து சொல்ல வேண்டியிருக்கு. அதான் இந்த மழை பெய்யுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

புகை மெதுவாக ஜன்னல் வழியாக மழைக்குள் போயிற்று. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுப்புக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? நான் தூங்கினேன். நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கண்ணு எரிஞ்சுது. பிரஷ்ல இருந்து தூசின்னு நெனச்சேன்."

"கருகற நாத்தம் கூடவா தெரியல?"

அவர் கையில் இருந்த பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"வாசனை. பெயிண்ட்ல கலக்கற தின்னர் நெடியில போயிருச்சு. ஒரேயடியா போகல. சுவத்துல சுண்ணாம்பு உதிர்ற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா."

"எப்போ?"

"நம்ம பொண்ணு நடக்கப் பழகினப்பவே பாதி போயிருச்சு."

அந்தப் பெண் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். மூக்குக்காரி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"யார்கிட்ட? உன்கிட்டயா? தெருவே உன்னை மூக்குக்காரின்னு கூப்புடுது. உன் புருஷனுக்கு மூக்கு அவுட்டுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்போ நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் புளுகு."

"நீ மூடியத் தூக்கி ஒரு இழுப்பு இழுப்ப. அப்போ உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அது நல்லா இருக்கும். அதத்தான் சொன்னேன்."

அவள் திட்ட வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"காய்ச்சல்ல இருந்து எழுந்ததுல இருந்து நீ மூடியவே தூக்கறதில்ல. என் மேல ஏதோ கோவம்னு இருந்துட்டேன்."

"கோவம் இல்ல" என்றாள். "எனக்கும் போயிருச்சு." சொன்னதும் அழுகை வந்தது. முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "சனியன், சளி மட்டும் ஒழுங்கா வருது."

அவர் எழுந்து போய் மூடியைத் திறந்தார். அடியெல்லாம் கரி. சுவருக்குப் பட்டி பூசுகிற தகடு ஒன்று புதுசாக இருந்தது. அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுவரில் பழைய பெயிண்டைச் சுரண்டுகிற அதே நிதானத்தோடு, ஒரு துண்டின் கருகிய தோலைப் பெயர்த்து எடுத்தார். உள்ளே சதை பொன்னாக, இழை இழையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேலே கல் உப்பைக் கிள்ளித் தூவினார்.

"எனக்கு வேணாம்."

"வாசனையத் தேடாத. அது இல்ல, அவ்வளவுதான். முதல்ல சூட்டைப் பாரு. அப்பறம் உப்புக் கல்லு பல்லுல உடையும், அதைக் கேளு. இனிப்பு நாக்கு நுனிக்கு வரும். அவசரப்படாம மெல்லு."

"பெரிய டீச்சரு" என்றாள். ஆனாலும் வாங்கி வாயில் போட்டாள். சூடு முதலில் வந்தது, மேல் அண்ணத்தைத் தொட்டது. பஞ்சு போல இருந்தது, அழுத்தியதும் இல்லாமல் போயிற்று. நறுக்கென்று ஒரு உப்புக்கல். அந்த உப்புக்குப் பின்னால், கூப்பிடாமல் வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி, மெதுவாக ஒரு இனிப்பு. ஓரத்தில் ஒட்டியிருந்த கரி கசந்தது. அந்தக் கசப்புக்கு அப்புறம் எடுத்த வாய் இன்னும் இனித்தது. தேன் காய்கிற வாசனை வரவில்லை. இரண்டாவது துண்டுக்கு அவளே கையை நீட்டினாள்.

அவர் தண்ணீரில் கிடந்த வெள்ளரிக்காயை எடுத்து இரண்டாக முறித்தார். ஆளுக்குப் பாதி. மழைக்கு நடுவில் அந்த அறையில் இரண்டு பேர் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. குளிர்ச்சி பல்லில் இருந்து காது வரைக்கும் ஏறியது.

"இதைத்தானா இத்தனை வருஷமா மேஞ்சீங்க?"

"நல்லா இருக்கா?"

"பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

மழை விட்டு வெயில் வந்த நாட்களில் அவள் தன் பங்குக்கு அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். பீன்ஸைக் கொதி தண்ணீரில் இருந்து எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கீச்சு இன்னும் கூடும் என்று கண்டுபிடித்து, அவருக்கே பாடம் எடுத்தாள். முட்டைக்கோஸை நூல் போலச் சீவி எலுமிச்சை பிழிந்து, உடனே தின்ன வேண்டும், பேச்சுக் கொடுத்தால் துவண்டுவிடும் என்றாள். சுட்ட சோளத்தில் மிளகை இடித்துத் தேய்த்தாள். உறைப்புக்கு மூக்கு தேவையில்லை. ஜாக்கெட்டைப் பிரித்துவிடச் சொல்லித் தையல்காரியிடம் கொண்டுபோனாள். அப்படியே விஷயத்தையும் சொல்லிவிட்டாள். "இனிமே என் வீட்டுல கருகினா நீதான் கத்தணும். சிரிச்சேன்னா பல்லைத் தட்டிருவேன்."

தையல்காரி சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டாள்.

இப்போதெல்லாம் ஜன்னல் திட்டில் இரண்டு தக்காளி இருக்கும். மத்தியானம் அவர் வந்து ஒன்றை எடுப்பார், இவள் ஒன்றை எடுப்பாள். காய்ச்சல்கார நெற்றி போல உள்ளங்கையில் சுடும். கடித்தால் வெயிலே முழங்கை வரை வழியும். அதற்கப்புறம் தூக்கம் வரும். கனவில் அந்தப் பூசணிக்காயின் கதவு சில நாள் திறந்திருக்கும், சில நாள் சாத்தியிருக்கும். சாத்தியிருந்தால் அவள் வாசல்படியில் உட்கார்ந்து உள்ளே பிரஷ் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அக்கா, அடுப்பு!" என்று கீழே இருந்து குரல் வரும்.

அவள் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்வாள்: "இன்னும் கொஞ்சம் கருகட்டும்டி. எங்களுக்கு அந்தக் கசப்பும் வேணும்."