விரால் கொண்டுபோன கண்மலர்

எங்கள் வீட்டில் பிய்ந்த செருப்பை யாரும் தூக்கிப் போட மாட்டோம். அது அப்பாவின் பங்கு. ரப்பர் செருப்பின் அடியைப் பிளேடால் அறுத்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு தவளை செய்வார். அடிவயிற்றில் ஒரு துளி ஈயம், முதுகில் இரட்டைத் தூண்டில் முள், பின்னங்கால்களுக்கு அரிசி மூட்டையிலிருந்து உருவின நார். கண்ணுக்கு மட்டும் அம்மாவின் ஒட்டுப் பொட்டு. அம்மா குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகிற பொட்டு, திரும்பி வரும்போது தவளையின் தலையில் இருக்கும். அம்மா பேசாமல் புதுப் பொட்டு எடுத்துக்கொள்வாள். பேசியும் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரகடத்தில் ஒரு பட்டறையில் அப்பாவுக்கு வேலை. கார்களுக்குப் போகிற இரும்புச் சாமான்களைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பிசிறு எடுப்பது. ஆறு நாள் இரும்பு, ஏழாம் நாள் ஏரி. பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றின தூண்டில் நரம்பும் செருப்புத் தவளையுமாகக் கிளம்பிவிடுவார். தாமரை இலைகளுக்கு நடுவே தவளையை வீசி, வெட்டி வெட்டி இழுப்பார். விரால் வந்தால் வரும். பெரும்பாலும் வராது.

மாடி அறையில் குடியிருந்த திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அப்பாவைச் சீண்டாமல் படி ஏற மாட்டார்.

“என்ன அண்ணாச்சி, தவளைக்குப் பொட்டு வச்சி வளைகாப்பு நடத்துதீயளா?”

“நீ ஒருதபா கடிச்சிப் பாரு தம்பி. நீ ஏமாந்தா மீனும் ஏமாந்துடும்” என்பார் அப்பா, தலை நிமிராமல்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான். வாசனை இல்லை, உயிர் இல்லை, செருப்பு. அதைப் போய் ஒரு மீன் ஏன் கடிக்கிறது? அப்பாவைக் கேட்டால், “மீனு மொதல்ல கண்ணத்தான் பாக்கும். கண்ணு கீதுன்னா உசுரு கீதுன்னு நம்பிடும்” என்பார். முள்ளின் ஓட்டையில் நரம்பைக் கோர்த்துக்கொண்டே சொல்வார். அந்தக் கோர்க்கிற வேலையை மட்டும் யாரையும் செய்ய விடமாட்டார். எள் அளவு ஓட்டை. பார்க்கக்கூட மாட்டார், நரம்பு தானாகப் போய் நுழைந்துகொள்ளும். நானும் கோர்க்கிறேன் என்று கை நீட்டினால் புறங்கையில் ஒரு தட்டு விழும்.

மீன் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருநாள் நானே மீனாகிப் பார்த்தேன். கொல்லையில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் தவளையை மிதக்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். கண்ணைத் திறந்தால் எரிந்தது. ஆனாலும் பார்த்தேன். மேலே வெளிச்சம். நடுவில் கறுப்பாக ஒரு கட்டி. பொட்டும் இல்லை, கண்ணும் இல்லை. அம்மா பின்னால் வந்து ஜடையைப் பிடித்து இழுத்து, “எரும மாடாட்டம் தொட்டில மூஞ்ச வுட்டுகினு இன்னா பண்ற” என்று முதுகில் ஒன்று வைத்தாள். அடி வலித்தது. இருந்தாலும் அப்பாவுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்கிற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பொட்டு போதாது. மின்னுகிற கண் வேண்டும்.

இதை அவரிடம் சொல்வதற்குள்தான் அந்த விபத்து நடந்தது. வேர்வையில் மங்கிய பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைக்க ஒரு நிமிஷம் கழற்றினாராம். சக்கரத்திலிருந்து தெறித்த பொடி இரும்பு இடது கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துப் போட்டு, பஞ்சு வைத்து மூடி, பதினைந்து நாள் கழித்துப் பிரித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குத்தான் போனாள். கண் திறந்ததும் ஆடி வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கண் நோவு உள்ளவர்கள் வேண்டிக்கொண்டு அம்மனுக்குச் சாத்துகிற வெள்ளிக் கண்கள் அவை. மறுநாளே காஞ்சிபுரம் போய், புளியங்கொட்டை அளவில் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். வேண்டுதலை மனசில் வைத்திருந்தால் போதாது, பொருளாக வீட்டில் வைத்துவிட்டால் ஆத்தாள் மறக்கமாட்டாள் என்பது அவள் நம்பிக்கை. இன்றைக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இரண்டு கண்கள். நடுவில் குமிழாகக் கருவிழி, ஓரத்தில் கோடு கோடாக இமை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினால் சுவரெல்லாம் மின்னியது. கட்டிலில் அப்பா ஒரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டு, வேலை இல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் கண் வைக்காத தவளை ஒன்று கிடந்தது.

படத்தில் இருந்த ஆத்தாளிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், திரும்பி வந்ததும் கழுவி வைத்துவிடுகிறேன், அப்பா சிரிக்கவேயில்லை, அதற்காகத்தான் என்றேன். ஆத்தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசை வைத்து ஒட்டி, நூலாலும் கட்டினேன். வெறும் மஞ்சள் துணியை முன்போலவே முடிந்து படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தூங்கின நேரம், அப்பாவும் நானும் ஏரிக்குப் போய்விட்டோம். தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்பது டாக்டர் சொன்னது. கையில் எடுத்த பிறகுதான் அவர் தவளையைச் சரியாகப் பார்த்தார்.

“இது ஏது பாப்பா?”

“தகரம்ப்பா. வெட்டினேன்.”

ஒற்றைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தொட்டிக்குள் பார்த்ததைச் சொன்னேன். அப்பா சிரித்தார். அந்தப் பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

மூன்றாவது வீச்சில் தாமரை இலைக்கு அடியில் தண்ணீர் உருண்டது. பொளக் என்று ஒரு சத்தம். தவளையைக் காணோம். பாட்டில் அப்பாவின் கையில் கிறுகிறுவென்று சுற்றியது. அவர் எழுந்து பின்னால் நடந்து இழுத்தார், நானும் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு தடவை விராலின் முதுகு தெரிந்தது, என் தொடை மொத்தம் இருக்கும். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் கரையில் மல்லாந்து விழுந்து கிடந்தோம். நரம்பு அறுந்துவிட்டது.

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். “அடப் பாவி மீனே, ரெண்டு கண்ணையும் புடுங்கினு பூட்டியே” என்றார்.

நான் எழுந்து, தாமரை இலைகளுக்கு நடுவே எங்காவது வெள்ளி மின்னுகிறதா என்று தேடினேன்.

அடுத்த நாலு நாளும் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மெயின் ரோட்டில் மீன் நறுக்குகிற அக்காவின் எதிரில் போய் நிற்பேன். அவர் ஒவ்வொரு விரால் வயிற்றைக் கீறும்போதும் எட்டிப் பார்ப்பேன். “இன்னாம்மே, தெனம் வந்து கொடல எட்டிப் பாக்கற, டாக்டருக்குப் படிக்கப் போறியா?” என்று அவர் கேட்டபோது அழுகை வந்துவிட்டது. ஆத்தாளின் கண் ஏரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அப்பாவின் கட்டைப் பிரிக்கப் போகிறார்கள். பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றும் இருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா தொட்டியடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அப்பா நுரையைத் துப்பினார். வாய் கொப்பளித்தார்.

“அப்ப ஆத்தாளோட கண்ணு ஏரிலதான் கீதா?”

“ம்.”

“சரி, கீட்டும். ஏரியையும் யாராச்சும் பாத்துக்கணும்ல.”

“உனுக்குக் கண்ணு தெரியாமப் பூடுமாப்பா?”

அவர் குனிந்து என் முகத்தைத் துண்டால் துடைத்தார். “ஆத்தா இன்னா வெரா மீனா, தகடு பாத்து மயங்கறதுக்கு? அவளுக்கு உன் மனசு தெரியும். உங்கம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்.”

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் பள்ளிக்கூடம் போகாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டேன் என்று கணக்கில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கட்டு இல்லை. அப்பாவின் கண் இருந்தது. கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான்.

“தெரியுதாப்பா?”

“நல்லாத் தெரியுது. உன் மூக்குல ஒழுவறதுகூடத் தெரியுது.”

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அம்மாவின் கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். துணி முடிச்சைப் பார்த்துவிட்டாள், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அரைமணி நேரம் கழித்து எழுந்து வந்து அரிசி களைந்தாள். அன்றைக்கு எனக்கு அடி விழாதது பெரிய ஆச்சரியம்.

அடுத்த நாள் அம்மா கடைக்குப் போனதும் அப்பா ஒரு பவுடர் டப்பாவின் மூடியை எடுத்துக் கத்தரித்தார். ஆணி முனையால் கருவிழி குத்தினார், இமைக்கோடு கீறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

“ஆத்தா ஏமாற மாட்டான்னு சொன்ன. அப்புறம் யாருக்குப்பா இது?”

“ஆத்தாளுக்கு இல்ல. உங்கம்மாவுக்கு.”

ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்துவிட்டது. தவளைக்கு ஒரு நூல் கூடக் குறைய வெட்டாத கை. அவசரத்தில் வெட்டினார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி வெள்ளி அன்று கூழ் ஊற்றி முடிந்ததும், அம்மா சன்னிதியில் முடிச்சை அவிழ்த்தாள். எங்கள் வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவள் அம்மா. உள்ளங்கையில் கிடந்த தகரக் கண்களை வெகுநேரம் பார்த்தாள். பெரியதை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு இரண்டையும் தன் கண்களில் ஒற்றி, பூசாரியின் தட்டில் வைத்தாள். பூசாரி சாத்தினார். ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக ஆத்தாள் எங்களைப் பார்த்தாள். அம்மா விழுந்து கும்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நானும் விழுந்து கும்பிட்டேன்.

அப்பாவின் இடது கண் பார்வை, கட்டுப் பிரித்த அன்றைக்கே போய்விட்டது என்பதை அம்மா எனக்குச் சொன்னது, என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. வெளியில் பார்த்தால் நல்ல கண். உள்ளே வெளிச்சம் இல்லை. தெரிந்தால் பட்டறையில் வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்று வெளியில் சொல்லவில்லை, தூசி ஆகாது என்று சொல்லி பேக்கிங் பக்கம் மாற்றிக்கொண்டார். “கண்மலர ஏரில தொலைச்சதாலதான் பூடுச்சின்னு நீ நெனச்சிக்குவியாம். அதுக்காவ உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு” என்றாள் அம்மா. எனக்கு ஆத்தாள்மேல் குறை இல்லை. இரும்புத் தூள் ஒரு கண்ணோடு நின்றதே, மற்ற கண்ணை அவள்தான் காத்தாள். இன்றும் ஆடியில் ஒரு ஜோடி சாத்துகிறேன்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த ஆடி வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு, அப்பா புதுத் தவளையோடு கொல்லையில் உட்கார்ந்தார். இடது கையில் முள், வலது கையில் நரம்பு. நரம்பு ஓட்டையைத் தாண்டிப் பக்கத்தில் போனது. மறுபடி கோர்த்தார். இந்தத் தடவை முன்னாலேயே நின்றது. நான் கைகொட்டிச் சிரித்தேன். “ஓட்ட இங்க கீதுப்பா” என்றேன். அப்பாவும் சிரித்தார். முள்ளையும் நரம்பையும் என் கையில் வைத்தார்.

“இந்தா. இனிமே இது உன் வேல.”

ஒரே குத்தில் கோர்த்துக் கொடுத்தேன். பிறகு படியேறி ஓடினேன், மாடி அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, என் கண் அவ்வளவு கூர்மை என்று எங்கள் அப்பாவே ஒத்துக்கொண்டார் என்று சொல்ல.