கணினி அறையில் ஆள் உண்டு

‘அலுவலக நேரம் முடிந்ததும், ஊழியர் எவரும் பணியில் இல்லாத அறைகளில் குளிரூட்டிகளை நிறுத்த வேண்டும். இடைவிடாத குளிர் தேவைப்படும் கருவிகள் உள்ள அறைகளுக்கு நிறுவனத் தலைவர் எழுத்தில் விலக்கு அளிக்கலாம்.’ மின்சாரச் சிக்கனம் பற்றிய சுற்றுநிருபத்தில் இப்படி இரண்டு வாக்கியங்கள் இருந்தன. மருதானைப் பக்கம் என் மகள் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்தில் முதல் வாக்கியத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். இரண்டாவதற்குச் சுவரில் இடம் போதவில்லை போலும்.

போன வருடம், பருவமழைக்கு முந்திய வாரங்களில் நடந்தது இது. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் நுளம்புகளின் மரபணுக்களை ஆராய்கிறவள். டெங்கு காலத்தில் தெருத்தெருவாகப் புகை அடிக்கிறார்களே, அந்த மருந்துக்குச் சில இடத்து நுளம்புகள் இப்போது சாவதில்லை. எந்த மருந்து எங்கே பலிக்கும் என்று மழைக்கு முன் சொன்னால்தான் அந்தப் பருவத்துக்குப் பயன். அதற்குப் பல ஊர் நுளம்புகளின் மரபணுத் தொடர்களைக் கணினியில் ஒப்பிட வேண்டும்.

கணினி ஓர் அலுமாரி அளவு. அந்த ஒப்பீட்டை முடிக்க அதற்கு ஐந்தாறு நாள் பிடிக்கும். இடையில் நின்றால் மறுபடி முதலில் இருந்து. குளிரூட்டி இல்லாவிட்டால் தன் சூட்டையே தாங்காமல் அணைந்துவிடும். காவலாளியோ கடமையில் பிசகாதவர். மாலையில் சுற்றி வந்து குளிரூட்டியை நிறுத்திவிடுவார். ஆகவே கணினி காலையில் பிறந்து மாலையில் செத்துக்கொண்டிருந்தது.

விலக்கு அளிக்க வேண்டிய நிலையத் தலைவரான பணிப்பாளர், தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். அரசாங்கக் கடிதம் எழுதியே ஓய்வுபெற்றவன் நான். மகளுக்காகக் குற்றம் காண முடியாத ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. ஞாபகமூட்டல் அனுப்பினோம். பிறகு நானே தலைமை அலுவலக எழுதுவினைஞர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“எந்தத் தர அதிகாரிக்கு ஐயா ஏசி?”

“அதிகாரிக்கு இல்லை. கணினிக்கு.”

“அப்ப கணினிட தரத்த எழுதி அனுப்புங்க.”

இன்னொரு ஞாபகமூட்டலுக்குத் தாள் எடுத்தேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, நீங்கள் கடிதம் எழுதி முடிக்கிறதுக்குள்ள நுளம்பு பேரப்பிள்ளை கண்டிடும்.”

கோபம் வந்தது. சுற்றுநிருபத்தை மறுபடி வாசித்தேன். ‘ஊழியர் எவரும் பணியில் இல்லாத.’ அப்படியென்றால் ஒருவர் பணியில் இருக்கட்டுமே. மகளின் பிரிவில் இருந்தவர்கள் முறை வைத்து இரவு பகலாக அந்த அறையில் இருப்பதென்று முடிவாயிற்று. காவலாளியிடம் சொன்னோம். அவர் சிங்களவர், எங்களுக்காகத் தமிழில் கதைப்பார்.

“ஆள் இருந்தா நான் கை வைக்க மாட்டன் சேர். ஆனா நித்திரை கொண்டா, அது ஆள் இல்லாத மாதிரித்தான்.”

ஏப்ரல் வெயிலில் சுவெற்றரும் கம்பளியுமாக அவர்கள் காவல் தொடங்கினார்கள். என் பங்கு, மாலையில் இடியாப்பப் பார்சலோடு பஸ் ஏறுவது.

நாலாம் நாள் பார்சலோடு போனபோது அறையில் யாரும் இல்லை. அன்றைய முறைக்காரர் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டார். குளிக்க வீட்டுக்கு வந்திருந்த மகள் திரும்பி வரும் வழியில், ஹெவ்லொக் டவுன் நெரிசலில் அகப்பட்டிருந்தாள். வாசலில் காவலாளி நின்றார். அவர் குளிரூட்டியை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது.

“சேர் இங்க ஊழியர் இல்லையே.”

“இல்லை,” என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, அவருக்கும் தெரியும்.

அவர் சுவரில் இருந்த குளிரூட்டி ஆளியைப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் ஊழியர்தானே. சேர் போய் கேட்டைப் பாருங்க. லேட்டா வாற ஆக்கள்ட பேரக் கேளுங்க.”

காவலை விட்டு நகர்ந்தால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கண்டிப்பாகப் பார்த்தால் அவர் தனியார் கொம்பனி ஆள், நிலையத்தின் ஊழியரே அல்ல. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் செய்யாத ஒன்றைச் செய்தேன்: விதியைக் கண்டிப்பாகப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போய் கேட்டில் நின்றேன். வேர்த்து விறுவிறுத்து வந்த மகளிடமும் பெயர் கேட்டேன். “அப்பா, விசரே உங்களுக்கு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள்.

கணினி நிற்கவில்லை. முடிவுகள் மழைக்கு முன்பே சுகாதாரப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போதும் யாராவது விதி கேட்டு என்னிடம் வந்தால் சொல்கிறேன். கூடவே, அந்த நாற்காலியில் யார் போய் உட்காரப் போகிறார் என்றும் கேட்கிறேன். எங்கள் கடிதத்துக்கு ‘விலக்கு அளிக்கப்படுகிறது’ என்ற பதில், மழை ஓய்ந்து, டிசம்பர் நத்தார் விடுமுறையும் கழிந்து, அலுவலகம் திறந்த முதல் திங்கட்கிழமை வந்தது.