வரைபடத்தில் இருந்த பூங்கா

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தவரை பூங்காவைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வாசலைத் தாண்டினால் புல்தரை, வேப்பமரம், சிமெண்டு பெஞ்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரையான்சாவடிக்கு உள்ளே தள்ளி, ஒரு மனைப்பிரிவில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனோம். அங்கேயும் வரைபடத்தின் மூலையில் பச்சை மையில் பூங்கா என்று போட்டிருந்தது. நேரில் பார்த்தால் ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேலம். அதற்கு முன்னால் ஆழமான ஒரு கால்வாய். அதில் இறங்கி ஏறினால்தான் உள்ளே போக முடியும்.

பின்தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இருந்தவளோடு தண்ணீர் லாரி வரிசையில் பழக்கமானது. அந்த மனைகளெல்லாம் வயலாக இருந்த காலத்தில் அங்கே நாற்று நட்டவள். இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மனு கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது அவள்தான்.

"ஒத்த ரூம்பு ஊடுக்கா. வேல வுட்டு வந்தா செத்த நேரம் ஒக்கார எடமில்ல. பணங்கட்டி எடம் வாங்குனவங்களுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல. கவர்மெண்டு துட்டுல ஒரு பார்க்கு கட்டுனா இன்னா?"

எழுதியது நான். முள்ளை வெட்ட வேண்டும், கால்வாய்மேல் சின்னப் பாலம் வேண்டும், சுற்றுச்சுவர், கேட், உட்கார நாலு பெஞ்சு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, "ஃபண்டு இல்லம்மா" என்றார்கள். இரண்டு வருடம் விடாமல் போய்வந்தோம். பதில் மாறவில்லை.

பிறகு அந்த இடத்தின் எல்லைக்கல் ஒன்று காணாமல் போனது. அடுத்த வாரம் இன்னொன்று. ஒருநாள் ஒரு லோடு ஜல்லி வந்து இறங்கியது. அதன் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை, வாசலில் கட்டிப்போட்ட நாய். யாருடையது என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர் பேச்சை மாற்றினார். கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் வந்து, தங்கள் பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான், அந்த வருடத்து வேலைகளை முடிவு செய்யக் கூட்டம் நடக்கப்போகிறது, நேரில் வந்து பேசினால் பணம் ஒதுக்க வாய்ப்புண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இருவரும் போவதென்று பேசி வைத்தோம்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், பகல் பதினொரு மணிக்கு, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். தெருமுனையில் அவருடைய ஜீப். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நிதானமாகக் குடித்தார்.

"பார்க்குக்கு நீங்கதான் எழுதுறீங்களாம். கையெழுத்து அழகா கீதுன்னு சொன்னாங்க."

டம்ளரை வாங்கக் கை நீட்டினேன்; அவர் கொடுக்கவில்லை.

"பாப்பா காலேஜ் வுட்டு அஞ்சேகால் பஸ்ல வருதில்ல? குமணன்சாவடியில எறங்கி ரோட்டத் தாண்டுது. லாரி ஜாஸ்திம்மா அங்க. பாத்து வரச் சொல்லுங்க."

டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, கும்பிட்டுப் போனார். அன்று நாலு மணிக்கே குமணன்சாவடி நிறுத்தத்தில் போய் நின்றேன். மகள் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னிக்கு என்னம்மா?" என்றாள். காய் வாங்க வந்தேன் என்றேன்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். "நாம வெளியூரிலிருந்து வந்தவங்க. விட்டுரு" என்றார்.

கூட்டத்தன்று காலையில் பின்தெருவிலிருந்து அவள் வந்து கூப்பிட்டாள். தலைவலி என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். மனுவின் நகலை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தாள். "பேசிட்டேன்க்கா. பாதி எடத்துக்குத்தான் துட்டு ஒதுக்குறாங்களாம். மீதி கேஸுல கீதாம்."

என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அந்த ஆள் வந்ததைச் சொன்னேன்.

"எங்கூட்டாண்டயும் வந்தான். ஒரு வாரம் ஆவுது."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா பயந்துக்குவ. அப்பறம் யாரு எழுதுறது?"

அவளிடம் என்ன சொன்னான் என்று கேட்டேன். கடைசிவரை சொல்லவில்லை.

முள் வெட்டும் வேலை தொடங்கிய வாரத்தில், ஒரு நடுப்பகலில், அவள் வீட்டுக் கூரையில் கற்கள் விழுந்தன. நாலு ஷீட் உடைந்தது. மாமியாருக்கு நெற்றியில் தையல். தெருவில் யாரும் எதையும் பார்க்கவில்லை. நானும் அன்று கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அந்த மாதமே அவர்கள் மாங்காட்டுப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள்.

பாலமும் கேட்டும் வந்தன. பாதி இடத்தில் பூங்கா, மீதியில் தகரம் அடித்த கிடங்கு. சாயங்காலம் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மகள் படிப்பை முடிக்கும்வரை நான் தினமும் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். சில நாள் அந்த ஜீப் கடக்கும். அவர் கும்பிடுவார். நானும் கும்பிடுவேன்.

ஒருமுறை மாங்காடு கோயிலுக்குப் போனபோது அவளைத் தேடிப் பார்த்தேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூங்காவைப் பார்க்க ஒருநாள் வா என்றேன்.

"வேணாங்க்கா" என்றாள். "நீ ஒக்காந்தியா அங்க?"

இல்லை என்றேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். நானும் ஒரு கீரைக்கட்டைக் கையில் எடுத்தேன்.