ஜெசிந்தா டீச்சரும் குன்றிமணியும்

பூனை டீச்சரே, நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன் வந்தபோது பகல் ஒரு மணி. பாலவாடியில் பதினான்கு பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லீவுக்கு நீங்கள் போயிருந்த சேலத்தில் இருந்து உங்கள் மகள்தான் பேசினாள். "சரசக்கா, அம்மாவுக்குக் காலையில நெஞ்சு வலிச்சுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுக்கா." வாய்விட்டு அழுதால் பிள்ளைகள் மிரண்டு எழுந்துவிடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அழுகை நின்றதும் பயம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

சர்ச்சில் நடக்கும் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் நானும் எழுத வேண்டும் என்று மகள் கேட்டாள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டீச்சரைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

ஜெசிந்தா டீச்சர் நாகலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் பாலவாடிக்கு வந்து பதினோரு வருஷம். நான் அங்கே ஆயா. சமைப்பேன், பிள்ளைகளைக் கழுவித் துடைப்பேன். அவர் வந்த முதல் நாள் ஒரே கூச்சல். நான் குச்சியை எடுத்து நீட்டினேன். வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நுனிக்காலில் பூனை மாதிரி நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பிள்ளை பின்னால் போனது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லாமே வரிசையாக நுனிக்காலில் போயின. அறையில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அன்றைக்கே பிள்ளைகள் வைத்த பெயர்தான் பூனை டீச்சர்.

என் சமையல் பாத்திரங்களை எல்லாம் தரையில் பரப்பி, எந்த மூடி எதற்குச் சேரும் என்று தேடச் சொல்வார். "டீச்சர், சோறு ஆறிப்போச்சுங்க, மூடியக் குடுங்க" என்று நான் கத்துவேன். "பெரிசு எது, சின்னது எதுன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க சரசு. சோறு ஆறுனா ஊதித் திங்க வேண்டாமல்ல" என்பார்.

ஒரு துணிப்பை வைத்திருந்தார். உள்ளே சீப்பு, கரண்டி, பலாக்கொட்டை, பஞ்சு என்று ஏதாவது இருக்கும். பார்க்காமல் கையை விட்டு, தொட்டுப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும். ஒரு பயல் மாட்டேன் என்று அழுதான்.

"உள்ள பூச்சி இருக்கும் டீச்சர், கடிக்கும்."

"அப்படியா சாமி? அப்ப என்னைய மொதல்ல கடிக்கட்டும்" என்று தன் கையை முழங்கை வரை விட்டார். "ஏ கண்ணு, நொம்ப மெத்துமெத்துன்னு இருக்குதுடா. இந்தப் பூச்சிக்குப் பல்லே இல்ல!" அவனும் கையை விட்டான். பஞ்சை எடுத்துக்கொண்டு அறை முழுக்க ஓடினான்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகள் எண்ணிப் பழக ஏதாவது சாமான் வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடையில் என் தங்கை ஊட்டுக்குப் போனேன். வேலியில் ஒரு கொடி, காய் வெடித்துச் செக்கச்செவேல் என்று குன்றிமணி. பிள்ளையாருக்குக் கண் வைக்கிற மணி, அழகானது என்பதுதான் எனக்குத் தெரியும். கடித்தால் விஷம் என்று தெரியாது. ஒரு டம்ளர் நிறையப் பறித்துவந்தேன்.

மறுநாள் டீச்சர் மீட்டிங்குக்காக ஏற்காட்டுக்குப் போயிருந்தார். வரும்போது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று மணியைப் பாயில் கொட்டிப் பிள்ளைகளை உட்காரவைத்தேன். அவர் உள்ளே வந்தார். பாயைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. ஆனால் குரல் உயரவில்லை.

"எல்லாப் பூனையும் டீச்சருக்கு வாயத் தொறந்து காட்டுங்க பாக்கலாம். ஆஆ..."

எல்லாரும் காட்டினார்கள். மெர்சியின் நாக்கில் சிவப்பாக ஒரு தோல் ஒட்டியிருந்தது. நான்கு வயசுப் பிள்ளை. விரலை விட்டு வழித்து, வாயைக் கழுவி, டாக்டரிடம் காட்ட ஒரு மணியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்டேட் ஜீப்புக்கு ஓடினார். ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் இருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிள்ளை வாந்தி எடுக்கிறது, சுருண்டு கிடக்கிறது என்றெல்லாம் சேதி வரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். நான்காம் நாள்தான் பிழைத்துக்கொண்டது என்றார்கள்.

மெர்சியின் அப்பா பாலவாடி வாசலில் வந்து நின்று, "எவ பண்ணுன வேலை இது?" என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். டீச்சர் முன்னே போனார். "நான்தானுங்க கொண்டாந்தேன். தப்பு என்மேலதானுங்க."

அப்புறம் என்னிடம் சொன்னார். "எங்கிட்டன்னா எழுத்துல விளக்கம் கேப்பாங்க, அவ்வளவுதான். உனக்கு வேலையே போயிரும். யாருகிட்டயும் சொல்லாத சரசு. ஆனா ஒண்ணு. இனி எங்கிட்டக் காட்டாம ஒரு சாமானும் புள்ளைங்க முன்னாடி வெக்கக்கூடாது." ஒரு மூங்கில் துண்டை வெட்டி, பிள்ளைத் தொண்டை அகலத்துக்கு ஓட்டை பார்த்துவைத்தார். அதற்குள் நுழைகிற எதுவும் பாய்க்கு வராது. செடியில் விளைந்ததென்றால் விசாரிக்காமல் வாசலையே தாண்டாது.

விளக்கம் கேட்டு டீச்சருக்கு மேலிடத்து ஓலை வந்தது. இரண்டு ஊட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மெர்சியின் அப்பா வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீச்சர் ஒருநாளும் என்னைச் சொல்லிக் காட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

டீச்சருடைய அடக்கத்துக்கு மெர்சியின் அப்பாவும் வந்திருந்தார். மண் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல டீச்சர்தானுங்க. அந்த ஒரு கவனக்குறைவுதான். பாலவாடிய இனி நீங்க பாத்துக்கறீங்கன்னு எஸ்டேட் ரைட்டர் சொன்னாரு. அதனாலதான் மெர்சிக்குத் தம்பி, எங்க சின்னவனைத் தைரியமா விடறேன். முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் கொண்டாறனுங்க." நான் தலையை ஆட்டினேன். டீச்சருடைய குழி இன்னும் மூடவில்லை. அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

மெர்சி அப்பா, குன்றிமணியைக் கொண்டுவந்தது டீச்சர் இல்லை. நான். உங்கள் பிள்ளையைக் காப்பாற்றியவர்தான் டீச்சர். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

டீச்சர், சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். பூசைக்கு மறுநாள் காலையில் தண்ணீர் பிடித்துவைத்து, பாய் விரித்து, கதவைத் திறந்து நிற்பேன். யார் வருவார்கள், யார் பாதி வழியில் திரும்பிப் போவார்கள் என்று தெரியவில்லை. போய் வாருங்கள் டீச்சர், நிம்மதியாகப் போங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சின்னவனைப் பெற்றவர் நீங்களாக இருந்தால், இதையெல்லாம் படித்த பிறகும் என் கையில் விட்டுவிட்டுப் போவீர்களா?