அக்கரை ஸ்டேஷன்

அந்த ரேடியோவுக்கு ஓர் உறை இருந்தது. பழைய பச்சைச் சேலையைக் கிழித்துத் தைத்து, முள் ஓடும் கண்ணாடிக்கு நேராக மட்டும் ஒரு சன்னல் வெட்டி, ஓரம் அடித்திருந்தார்கள். எழுபதுகளில் பதுளைக் கடைவீதியில் ஒருவருடைய கடையில் நான் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் அதைக் கொண்டுவந்தார். அவருடைய ஒரே மகள் புருஷன் வீட்டாரோடு கப்பலேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்விட்டாள். அக்காவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, இங்கேயே நின்றுவிட்டார். கடிதம் எப்போதாவதுதான் வரும்.

"அக்கரை ஸ்டேஷன்ல சாயங்காலம் எங்கெங்க மழைன்னு சொல்லுவாங்க தம்பி. புள்ள இருக்கற பக்கம் பேஞ்சுச்சான்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

செத்திருந்தது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அந்த ரகத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இறக்குமதியும் இல்லாத காலம். பண்டாரவளை வரை கேட்டுப் பார்த்துவிட்டு, புதிய ரகம் ஒன்றை மாற்றாகப் போட்டேன். அப்படிப் போட்டால் பக்கத்திலுள்ள ரெசிஸ்டர்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தூரத்து ஸ்டேஷன்கள் எடுபடாது என்பது எனக்குத் தெரியும். பொருத்தமானவை கையில் இல்லை, தேடவும் அலுப்பு. பட்டப்பகலில் கொழும்பு கணீரென்று பேசியது. "சத்தம் வருதுதானே, குடுத்தனுப்பு" என்றார் முதலாளி. கொடுத்தனுப்பினேன்.

அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். கொழும்பு கேட்கிறது, அக்கரை கேட்கவில்லை. தவறு என்னுடையது என்று அந்த நொடியே புரிந்தது. கடை நிறைய ஆட்கள் வேறு. "ரேடியோவுல கொறையில்லக்கா. அக்கரையிலதான் இப்ப கரண்ட் பத்தல போல. அவங்க சரி பண்ணினா தன்னால கேக்கும்" என்றேன். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். நான் ஒரு நாட்டையே கோணல் என்றேன். அவர் நம்பிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

ஏழெட்டு மாதம் கழித்து, கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட அந்தத் தோட்டத்துக்கே போக நேர்ந்தது. பொழுது சாயும் நேரம். தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் ரேடியோ. அதில் வெறும் இரைச்சல். முள் அக்கரை ஸ்டேஷன் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாட்டு வைக்கச் சொல்லிக் கேட்டு அலுத்துவிட்டார்களாம். கொழும்புக்குத் திருப்பிய நேரம் பார்த்து அக்கரை பேசிவிட்டால் என்ன செய்வது என்று, அவர் முள்ளை நகர்த்துவதே இல்லை.

"வாங்க தம்பி" என்று எழுந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். "அவங்க இன்னும் சரி பண்ணலீங்களே. பண்ணிருவாங்கல்ல?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரேடியோவைக் கடைக்கு எடுத்துப் போயிருக்கலாம். அதற்குள் தேவையான ரெசிஸ்டர்கள் வந்திருந்தன. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை, உள்ளே எதுவும் அசையவில்லை. இன்று கைப்பேசியைத் தொட்டால் அக்கரை மழை ஊர் ஊராகத் தெரிகிறது. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. மரத்தது மரத்ததுதான்.

"பண்ணிருவாங்கக்கா" என்றேன்.

அவர் ரேடியோவைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.