நான் முடுக்கிய பதினாறு போல்ட்டுகள்

ஆயுத பூசைக்கு முந்தின நாள் தறியைத் துடைத்து எண்ணெயிட்டு முடித்தபோது பொழுது நிரம்ப மீதமிருந்தது. வாசலில் என் கார் நின்றது. சென்னையில் புதிய வண்டி வாங்கிய என் மகன் எனக்கென விட்டுச் சென்ற பழைய வண்டி அது. தறிக்குச் செய்யும் மரியாதையை அதற்கும் செய்வதே முறை என்று தோன்றியது. ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினேன். துருவைத் தேய்த்தெடுத்து, முன்புறம், பின்புறம், போல்ட்டுத் துளைகளின் உள்விளிம்பு என ஓர் இடமும் விடாமல் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தேன். காய்ந்ததும் மாட்டினேன். சக்கரத்துக்கு நான்கு போல்ட்டுகள், ஆகப் பதினாறு. அவற்றின் மேல் கடைத்தெருவில் வாங்கிய புதிய பிளாஸ்டிக் மூடிகளான வீல் கப்புகளையும் அழுத்திப் பொருத்தினேன்.

மறுநாள் பூசைக்கு வந்திருந்த என் சம்பந்தி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் மருமகளின் தந்தையான அவர் முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"எந்த மெக்கானிக் பண்ணான் சம்பந்தி?"

"நானேதாங்க."

"அட! பரவால்லியே. தறி ஓட்டற கைக்கு இதுகூட வருதா?"

அந்தச் சொல் எனக்கு ஒரு வாரம் இனித்தது. அவ்வாரம் முழுவதும் வண்டி ஊருக்குள்ளேயே அரை மைல், ஒரு மைல் என ஓடிக்கொண்டிருந்தது. குறை ஏதும் தெரியவில்லை.

அதற்கடுத்த முகூர்த்த நாளில் போளூரில் என் தங்கை மகனுக்குத் திருமணம். மணமகளின் கூரைப் புடவையை நானே நெய்து தருவதாக நிச்சயதார்த்தத்தன்றே சபையில் சொல்லியிருந்தேன். அரக்கு உடல், மாம்பழ மஞ்சளில் கோபுரக் கரை. முதலில் வேறு கரையைத்தான் தீர்மானித்திருந்தோம். மணப்பெண் செல்போனில் என்னுடைய பழைய சேலை ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கு இந்தக் கரைதான் வேணும்" என்றாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை மாற்றிக் கட்டினேன். பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பட்டிழை சொன்னபடி கேளாது. திருமணத்துக்கு முந்தின நாள் பிற்பகலில்தான் சேலை தறியிலிருந்து இறங்கியது. என் மனைவி அன்று மாலையே முந்தானை நுனிகளை முடிந்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள்.

இதற்கிடையில் என் தங்கை அஞ்சிப்போய்க் கடையில் வேறொரு பட்டுச் சேலை வாங்கி வைத்திருந்தாள். அது எனக்குத் தெரிந்ததும் வருத்தமாயிற்று. அவள் நிலையில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். "எட்டரைக்குள்ள வந்துடுண்ணா. ஐயர் தட்டுல புடவை வைக்கணும்பாரு. உன்னுது இல்லன்னா இத வச்சிடுவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். சபையில் நான் கொடுத்த வாக்கு எட்டரை மணி வரைக்கும்தான் செல்லும் என்று ஆகிவிட்டது.

ஏழு மணிக்கு ஆரணியிலிருந்து புறப்பட்டோம். நான் ஓட்டினேன். எனக்கு இடப்பக்கம் சம்பந்தி. பின்னிருக்கையில் என் மனைவி சேலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

களம்பூர் தாண்டியதும் அந்த ஓசை எழுந்தது. டக். சற்று இடைவெளி. மறுபடி டக்.

"என்ன சத்தம்?" என்றேன்.

"புது வீல் கப்பு மாட்டினீங்க இல்ல? அதான் ஆடுது. நேரா போங்க" என்றார் சம்பந்தி.

வேகத்தைக் கூட்டினேன். ஓசையும் நெருக்கமாயிற்று. குறைத்தேன். அதுவும் தளர்ந்தது. கியரை விடுவித்து வண்டியைத் தானாக உருளவிட்டேன். என்ஜினின் இரைச்சல் தணிந்தது, டக் தணியவில்லை. ஆகவே அது சக்கரத்தின் ஓசை.

ஐம்பது ஆண்டுகளாக நான் தறிச் சத்தத்தின் நடுவே அமர்ந்திருக்கிறேன். மரம் மரத்தில் மோதுவது ஓர் ஓசை, இரும்பு மரத்தில் மோதுவது இன்னோர் ஓசை. கண்ணால் பார்க்குமுன் காதால் அறிந்தால்தான் இழை அறாமல் தப்பும். பிளாஸ்டிக் மூடி வெறுமனே ஆடினால் மெலிந்த சலசலப்பு வரும். எனக்குக் கேட்டது எடையுள்ள ஒன்று பிளாஸ்டிக்கின் மேல் உருண்டு விழும் ஓசை. ஸ்டியரிங்கிலும் மெல்லிய நடுக்கம் ஒன்று ஏறியிருந்தது.

"நிறுத்தறேன்" என்றேன்.

"இன்னாங்க நீங்க! முப்பது வருசம் பஸ் ஓட்டினவன் சொல்றேன், ஒண்ணுமில்ல. மணியப் பாருங்க. ஏழு இருபத்தஞ்சு ஆவுது. கல்யாண நாள் அதுவுமா பேஜார் பண்ணாதீங்க."

"ஏங்க, அவரு சொல்றாரில்ல?" என்றாள் மனைவி.

வாழ்நாளில் நான் அதிகம் எதிர்த்துப் பேசியவன் அல்லன். வண்டி ஓட்டுவதில் அவருடைய அனுபவத்தில் பத்தில் ஒரு பங்கும் எனக்குக் கிடையாது. ஆயினும் என் காது கேட்டதை நான் கேட்கவில்லை என்று சொல்ல இயலவில்லை. புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

சம்பந்தி முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, தம் பக்கத்து முன்சக்கரத்தின் மூடியை நெம்பினார். மூடி கழன்றது. அதனுள்ளிருந்து ஒரு போல்ட்டு உருண்டு அவருடைய செருப்பின் மேல் விழுந்தது.

அவர் அதைக் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சக்கரத்தில் மீதமிருந்த மூன்றையும் விரலால் தொட்டார். மூன்றும் தோட்டுத் திருகாணிபோல் எளிதாகச் சுழன்றன.

"சம்பந்தி," என்றார். குரலே மாறியிருந்தது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா சக்கரம் நமக்கு முன்னால போளூர் போய்ச் சேர்ந்திருக்கும்."

பின்னிருக்கையிலிருந்து என் மனைவி, "முருகா" என்ற ஒரே சொல்லைச் சொன்னாள்.

"யார் முடுக்கினது இத?" என்று கேட்டார் அவர். விடை அவருக்குத் தெரியும்.

"நான்தாங்க."

"காலால மிதிச்சு முடுக்கினீங்களா?"

"காலாலயா? கையாலதான். பிடிச்சதும் நிறுத்திட்டேன்."

சொன்ன கணமே என் பிழை எனக்கு விளங்கிவிட்டது. மரத்தறியில் போல்ட்டு முடுக்குபவன் பிடி கிடைத்ததும் கையை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு திருகு திருகினால் சட்டம் விரிசல் விட்டுவிடும். அந்த எல்லை என் மணிக்கட்டில் ஊறிப்போன ஒன்று. இரும்பில் இரும்பை முடுக்கும்போதும் மணிக்கட்டு அதே எல்லையில் நின்றிருக்கிறது. அதோடு துளைகளின் விளிம்பில் அப்பியிருந்த பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கி உதிர, இருந்த சிறு பிடியும் போய்விட்டது. அழகுக்காக அடித்த பெயின்ட் அது.

ஒரே கையால் முடுக்கிய பதினாறில் நான்கு தளர்ந்திருந்தால் மீதிப் பன்னிரண்டு எப்படியிருக்கும்? நான் நினைத்ததையே அவரும் நினைத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடி மற்ற மூடிகளைக் கழற்றினோம். எதுவும் விழுந்திருக்கவில்லை, ஆனால் எதுவும் இறுகியும் இருக்கவில்லை.

"நாலும் கொழகொழன்னு கீது! இன்னா சம்பந்தி, எல்லாத்தையும் ஒரே மாதிரி நெய்வீங்களோ?" என்று அந்த நிலையிலும் கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்நேரம் ஆரணியிலிருந்து போளூர் செல்லும் பேருந்து வந்தது. புடவையோடு என் மனைவியை ஏற்றிவிடலாம் என்று எண்ணி, சம்பந்தி நடுச்சாலையில் நின்று இரு கைகளையும் வீசினார். முகூர்த்த நாள் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு முறை ஒலி எழுப்பி விலகிச் சென்றார்.

"என் சர்வீஸ்ல ஒரு ஆளை இப்படி ரோட்ல வுட்டுட்டுப் போனதில்ல!" என்றார் சம்பந்தி.

"நீங்க எங்களையே எத்தினியோ தபா வுட்டுட்டுப் போயிருக்கீங்க அண்ணே" என்றாள் என் மனைவி.

இனி அந்தச் சேலை இந்தக் காரில்தான் போக வேண்டும். புதுப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி மண்ணில் முழந்தாளிட்டேன். ஜாக்கி ஏற்றி, பிசகி அமர்ந்திருந்த முன்சக்கரத்தைக் கழற்றினோம். சம்பந்தி நேராக மாட்டி முடுக்கச் சொன்னார். நான் மறுத்தேன். மேற்பரப்பில் இன்னும் பெயின்ட் பொருக்கு இருந்தது. அது இருக்கும்வரை எவ்வளவு முடுக்கினாலும் மறுபடி தளரும். என் பையில் எப்போதும் இருக்கும் சிறு கத்தியால் துளை விளிம்புகளையும் சக்கரத்தின் பின்முகத்தையும் பளபளவென்று சுரண்டினேன். நான்கு சக்கரங்களுக்கும் அதையே செய்தேன். ஒரு சக்கரம் முடிந்ததுமே அவர் ஜாக்கியை உருவிக்கொண்டு அடுத்ததற்கு ஓடினார். எதிரெதிர் மூலையாக முடுக்கி, வண்டியை இறக்கி, வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றே கடைசிப் பிடி பிடித்தோம். நான் ஏறி நிற்க, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவரின் வயதையும் கூட்டினால் நூற்று நாற்பதுக்குக் குறையாது.

இதனிடையே தங்கை அழைத்தாள். மனைவி செல்போனை ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"அண்ணி, எங்க கீறீங்க? ஐயரு கேட்டுகினே கீறாரு!"

"வந்துகினே கீறோம்மா."

"வண்டி சத்தமே கேக்கலியே அண்ணி?"

"அதான் நல்லது, சத்தம் நின்னுடுச்சு" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

எட்டு மணி கடந்து சில நிமிடங்களில் புறப்பட்டோம். இம்முறை வீல் கப்புகளை டிக்கியில் போட்டுவிட்டேன். மூவரும் சக்கரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். சாலையின் சீரான இரைச்சல் தவிர வேறொன்றும் இல்லை.

சமணர் கோயிலுள்ள திருமலைக்குப் பிரியும் சாலையருகே மீண்டும் நிறுத்தினேன்.

"இப்போ இன்னா?" என்றார் சம்பந்தி.

"புதுப் பாவு கட்டினா நாலு விரற்கடை நெய்துட்டு, கட்டினத ஒரு தரம் சரிபார்ப்போம். இதுவும் அப்படித்தாங்க."

மூன்று போல்ட்டுகள் கால் திருகு எடுத்துக்கொண்டன. மற்றவை மலைபோல் நின்றன. அவர் ஸ்பேனரை வாங்கித் தாமும் ஒருமுறை பதினாறையும் சோதித்தார். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்தி, "இப்ப ஓட்டுங்க, ஜல்தியா ஓட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

போளூர் மண்டப வாசலில் இறங்கியபோது நாதசுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கடிகாரம் பார்க்க எனக்குத் துணிவில்லை. மனைவி சேலையை ஏந்தி வர, நான் முன்னால் நடந்தேன். என் கைகள் மசியாலும் புழுதியாலும் கறுத்திருந்தன. வெள்ளைத் துணியில் மட்டும் ஒரு கறையும் இல்லை. மேடையில் தட்டு காத்திருந்தது. அதில் தேங்காயும் பழமும் மஞ்சளும் இருந்தன. கடைப் புடவை என் தங்கையின் கையில் இருந்தது. அவள் அதை இன்னும் தட்டில் வைத்திருக்கவில்லை.

"எட்டு இருபத்தெட்டு" என்றாள் அவள். என் கைகளைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். "இன்னாண்ணா இது கோலம்? தாய்மாமன் வர்ற லட்சணமா இது?"

"அவரு காது மட்டும் இல்லன்னா தாய்மாமனே வந்திருக்க மாட்டாரு!" என்று பின்னாலிருந்து சம்பந்தி உரத்த குரலில் சொன்னார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "நான் போலாம் போலாம்னேன். மனுசன் கேக்கல, நிறுத்திட்டாரு. அவரு முடுக்கின லட்சணத்த அப்பறம் சொல்றேன். முதல்ல புடவைய வைங்க!"

நான் துணியை அவிழ்க்கவில்லை, கை கறுத்திருந்தபடியால். என் மனைவி அவிழ்த்துத் தட்டில் வைத்தாள். அரக்கு நிறம் மண்டப விளக்கில் கனிந்து எழ, முன்வரிசைப் பெண்கள் சற்றுக் கழுத்தை நீட்டினார்கள். பெரியவர்கள் தட்டைத் தொட்டு ஆசி வழங்கி முடித்ததும் மணப்பெண் அதைப் பெற்றுக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் உடுத்தி வரும் வரை நான் பின்கட்டுக் குழாயடியில் கைகளைத் தேய்த்துக் கழுவினேன். நகக்கண்ணில் மசி போகவில்லை. திரும்பி வந்து தாய்மாமனுக்குரிய இடத்தில் நின்றேன். உள்ளிருந்து அவள் வந்தாள். மஞ்சள் கோபுரக் கரை தரையோடு ஒழுங்காக நடந்து வந்தது, கொசுவம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிசகாமல் அமர்ந்திருந்தது. மணையில் அமருமுன் அவள் என் பக்கம் திரும்பி, தான் கேட்டு வாங்கிய கரை தெரியும்படி முந்தானையை ஒரு விரல் உயர்த்திக் காட்டினாள்.